பம்பலப்பிட்டியில் ஒரு கணனி தேடி

கொழும்புக்குப் போகிறோம் என்றால் வீட்டிலிருந்து ஒரு துண்டு எழுதித் தருவீர்கள் அல்லவா? பெருநாள் துணி, பாய், பீங்கான் என்று அது நீளும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நான் கொழும்பு போனபோது சட்டைப் பையில் இருந்த துண்டு வேறு மாதிரியானது. மூத்த மகளின் கையெழுத்து. போர்ட், ப்ரொசெஸர், ரெம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேசிங், மொனிட்டர். அரபு இலக்கணத்தில் நாற்பது வயதைக் கடந்தவனுக்கு அந்தத் துண்டில் விளங்கியது மொனிட்டர் ஒன்றுதான்.

மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். பைதன் என்ற கணனி மொழியில் நிரல் எழுதிப் பழக வேண்டும். பாடசாலையில் ஒரு கணனிக்கு முன்னால் நான்கு பிள்ளைகள். வீட்டில் கைத்தொலைபேசியில் எழுதிப் பார்த்துக் கண் வலி கண்டதுதான் மிச்சம். டவுனில் புதிய லெப்டொப் விலை கேட்டேன். இரண்டு இலட்சத்துக்கு மேல். 2022 ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வருடம் மே மாதத்தில் 360 வரை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். மாவுக்கும் பருப்புக்கும் வந்த கதிதான் கணனிக்கும் வந்தது.

அன்றிரவு மனைவி தன் வளையல் ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்தாள். "அடகு வெச்சாவது புள்ளக்கி வாங்கிக் குடுங்க" என்றாள். அது அவளுடைய உம்மா போட்டு அனுப்பியது. வட்டியைப் பற்றி வகுப்பில் பேசுகிறவன் நான். அந்த வளையலை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு அடகுக் கடைப் படி ஏறுவது? மகள்தான் வழி சொன்னாள். "புதுசு வாணாம் வாப்பா. பாவிச்ச சாமானும் புதுச் சாமானும் கலந்து நானே பூட்டுறன்." மனைவியின் சீட்டுக்காசு 60,000 ரூபா இருந்தது. வளையல் மறுபடி கைக்குப் போனது.

றம்புக்கனையில் காலை ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, கரையோரப் பாதை ரயிலுக்கு மாறினோம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் வலப்பக்கம் கடல், கையை நீட்டினால் நனையும் போலிருக்கும். பம்பலப்பிட்டி நிலையத்தில் இறங்கி, காலி வீதிப் பக்கம் நடந்தால் மெஜஸ்டிக் சிட்டி. அதற்கு அடுத்த கட்டடம்தான் யூனிட்டி பிளாசா. கணனிச் சாமானுக்குப் பெயர்போன இடம். உள்ளே ஒடுங்கிய நடைபாதை, இருபுறமும் கண்ணாடி மேசைகள், வாசல்வரை அடுக்கிய அட்டைப் பெட்டிகள். சிங்களமும் தமிழும் கலந்த பேச்சு. நகைக்கடை வீதிக்குள் நுழைந்தது போலத்தான் இருந்தது. ஆனால் உரசிப் பார்க்கக் கல் எங்கே?

அந்தக் கல் மகளிடம் இருந்தது. முதலில் ஏறிய கடையில் பையன் என்னை மட்டும் பார்த்து, "ஹஸ்ரத், இது நல்ல போர்ட், கண்ணை மூடிட்டு எடுங்க" என்றான். மகள் கண்ணை மூடவில்லை. கைத்தொலைபேசி வெளிச்சத்தை ப்ரொசெஸர் உட்காரும் குழிக்குள் அடித்தாள். மயிர் போன்ற நூற்றுக்கணக்கான பின்கள் வரிசையாக நிற்கின்றன. "வாப்பா, இதுல ரெண்டு வளஞ்சிருக்கி" என்றாள். பையன் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மூன்றாவது கடைக்காரர் தானாகவே, "தங்கச்சி, இதுல ஒரு யூ.எஸ்.பி. வாய் வேலை செய்யாது, அதுக்கு ஆயிரம் கழிச்சுத் தாறன்" என்றார். குறையைச் சொல்லி விற்கிற மனிதரைக் கண்டால் அங்கேயே வாங்கிவிட வேண்டும். போர்ட், நான்காம் தலைமுறை ஐ5 ப்ரொசெஸர், நான்கு நான்கு ஜீ.பி.யாக இரண்டு ரெம், கேசிங், 19 அங்குல மொனிட்டர் எல்லாம் அவரிடமே எடுத்தோம். பாவித்தவைதான். அலுவலகங்கள் சில வருடங்களுக்கு ஒரு தடவை கணனிகளை மொத்தமாக மாற்றும்போது கழிப்பவற்றில் இப்படி நல்லவையும் உண்டு.

எதைப் பழையதாக எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை அவள் ரயிலிலேயே எனக்குப் பாடம் எடுத்திருந்தாள். ப்ரொசெஸர் அம்மிக்கல் மாதிரி. உள்ளே அசைகிற பாகம் ஒன்றுமில்லை, இலேசில் தேயாது. ரெம்மும் அப்படித்தான், ஆனால் இனம் பார்க்க வேண்டும்: டி.டி.ஆர்.3 கேட்கிற போர்டில் டி.டி.ஆர்.4 ஏறாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் வேண்டாம். அது கிரைண்டர் போல உள்ளே சுழன்று சுழன்று தேய்வது. ஒருநாள் நின்றால் பிள்ளையின் பாடமெல்லாம் அதோடு போகும். அதற்குப் பதிலாகப் புதிய 240 ஜீ.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினோம். பழைய கணனிக்கு வேகம் தருவதில் இதற்கு ஈடு கிடையாது.

பவர் சப்ளையும் புதிது. கேசிங்கோடு பழையது ஒன்றை இலவசமாகத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னபோது எனக்கு ஆசை வந்தது உண்மை. மகள் மறுத்துவிட்டாள். பழையது வெடித்தால் தான் மட்டும் சாகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும் என்றாள். ப்ரொசெஸர் இழுப்பது 84 வாட்தான், தனி கிராபிக்ஸ் அட்டையும் இல்லை. ஆகவே 450 வாட்டில் ஒன்று தாராளம். எல்லாவற்றுக்கும் சீரியல் இலக்கம் எழுதிய பில் கேட்டு வாங்கினோம். பாவித்த சாமான்களுக்கு ஒரு கிழமைதான் தவணை. அதற்குள் வீட்டில் பூட்டிப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் வாங்கப் போனால் வாய்ப்பேச்சை நம்பி வராதீர்கள்.

புறக்கோட்டைக்கு வந்து, இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு, முதலாம் குறுக்குத் தெருவில் கீபோர்டும் மவுசும் எடுத்தோம். மொனிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாலை ரயிலில் வந்த கதையைச் சொல்லப் போனால் பக்கம் போதாது. மொத்தச் செலவு 53,500 ரூபா.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் பழைய படுக்கை விரிப்பு விரித்து வேலை தொடங்கியது. உம்மாவின் தையல் மெஷின் திருப்புளி தட்டையானது, உதவவில்லை. பக்கத்து வீட்டு வயரிங் வேலைக்காரரிடம் நட்சத்திரத் தலையுள்ளதை இரவல் வாங்கினோம். சாமானைத் தொடுமுன் கேசிங்கின் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்னை இறக்கினாள். ப்ரொசெஸரின் மேல் பயறளவு பேஸ்ட் வைத்து விசிறியைப் பூட்டினாள். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுழன்றது, திரை இருட்டு, "பீப், பீப்" என்று அழுகை. மனைவி வளையலைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். மகள் மின்னைத் துண்டித்து, ரெம்மை எடுத்து, அதன் பொன்னிறப் பல்வரிசையை அழிறப்பரால் மெல்லத் துடைத்து, இரு பக்கமும் "கிளிக்" என்னும்வரை அழுத்தினாள். இரண்டாம் முறை வெளிச்சம் வந்தது. திகதி மட்டும் 2013 என்று காட்டியது. போர்டிலிருந்த காசு போன்ற சி.ஆர்.2032 பெட்டரி செத்திருந்தது. அது டவுனிலேயே கிடைத்தது.

விண்டோஸைச் சும்மா ஏற்றித் தருகிறோம் என்று யாரும் சொன்னால், அது பிறர் உரிமையைத் திருடிய பிரதியா என்று கேளுங்கள். மகள் போட்டது லினக்ஸ் மின்ட். இலவசம், தமிழும் எழுதலாம். இவ்வளவு பழைய ப்ரொசெஸரை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. ஆகவே அன்று அவள் எடுத்த முடிவு பிறகும் நல்லதாகவே போயிற்று.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி ஒன்று பூட்டுவதற்காக, அந்தப் பிள்ளையும் அதன் உம்மாவும் என் மகளோடு பம்பலப்பிட்டிக்குப் போனார்கள். மொனிட்டரைத் தூக்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.