ஈறும் இதயமும்

உடலின் உறுப்புகளைத் தனித்தனிக் குடித்தனங்களாக எண்ணிப் பழகிவிட்டோம். பல்லுக்கு ஒரு வைத்தியர், நெஞ்சுக்கு ஒரு வைத்தியர் என்று வெவ்வேறு படிகளில் ஏறுகிறோம். புதுச்சேரியில் 1823இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் இதய நோயாளர் வரிசை. அதற்கு அண்மையிலேயே, இந்திரா நகரில், அரசினர் பல் மருத்துவக் கல்லூரியில் பல்வலிக்காரர் வரிசை. இரண்டிலும் நின்றவன் நான். இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே குருதிதானே என்ற எளிய எண்ணம் அங்குதான் என்னைப் பற்றிக்கொண்டது.

ஈறு நோய் ஓசையின்றி வளர்வது. பல்லின் அடியில் படியும் காரையில் கிருமிகள் குடியேறுகின்றன. ஈறு சிவக்கிறது, துலக்கும்போது இரத்தம் கசிகிறது, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பள்ளம் விழுகிறது. வலி பெரிதாக இராது. ஆதலால் ஆண்டுக்கணக்கில் அதனோடு வாழ்ந்துவிடுகிறோம். ஆனால் உணவை மெல்லும்போதெல்லாம் அப்புண்ணின் வழியே கிருமிகளும் அவற்றின் நஞ்சும் சிறிது சிறிதாகக் குருதியில் கலக்கக்கூடும். அவற்றை எதிர்க்க வெள்ளணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. கல்லீரல் அழற்சிப் புரதங்களைச் சுரக்கிறது. பகை சிறிது, போரோ ஓய்வதில்லை. தீங்கு அங்கேதான் இருக்கிறது.

அப்போரின் செலவை ஏற்பது தமனிகளின் உட்சுவர். ஒரே ஓர் உயிரணு அடுக்காலான அந்த மெல்லிய விரிப்பு, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை உண்டாக்கித் தேவைக்கேற்பக் குழாயை விரித்துக் கொடுக்கிறது. மாடிப்படி ஏறுகையில் இதயத் தசைக்கு மிகுதியான குருதி கிடைப்பதற்கு அதுவும் துணை. நீடித்த அழற்சியில் இந்தத் திறன் குன்றுகிறது. குழாய் விரிய வேண்டிய அளவு விரிவதில்லை. சுவரில் முன்பே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டின் மேல்மூடியும் அழற்சியால் மெலிகிறது. அது கிழிந்தால் அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை அடைக்கும். அதனையே மாரடைப்பு என்கிறோம்.

1989இல் பின்லாந்து மருத்துவர்கள், மாரடைப்புக்கு ஆளானோரின் வாய்நலம் மற்றவருடையதைவிடக் கெட்டிருந்ததைக் கண்டு எழுதினார்கள். 2007இல் வெளிவந்த இலண்டன் ஆய்வொன்று மேலும் நுட்பமானது. கடுமையான ஈறு நோயுற்ற 120 பேரில் ஒரு சாராருக்குத் தீவிரச் சிகிச்சை அளித்துக் கைத்தமனியின் விரியும் திறனை அளந்தார்கள். சிகிச்சைக்கு மறுநாள் அத்திறன் குறைந்தது. ஆறு மாதம் கழித்தோ, சாதாரணச் சிகிச்சை பெற்றவரைவிட நன்கு தேறியிருந்தது. ஈற்றைச் சீண்டினால் தமனி அறியும். ஈறு ஆறினாலும் தமனி அறியும்.

ஆயினும் இதனைக் கொண்டு முடிவு கட்டிவிடலாகாது. அளந்தது கைத்தமனியை, இதயத் தமனியை அன்று. புகையிலை ஈற்றையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும், நீரிழிவும் அவ்வாறே. கிருமிதான் காரணமென்றால் கிருமிக்கொல்லி மருந்து மாரடைப்பைக் குறைத்திருக்க வேண்டுமே! நுரையீரலைப் பற்றும் கிளமிடியா நிமோனியே என்னும் கிருமியின் மீது ஐயம் கொண்டு, அமெரிக்காவில் இதய நோயாளர் 4,012 பேரிடம் அதையும் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு வாரம் ஒருமுறை என ஓராண்டு அசித்ரோமைசின் கொடுத்தார்கள். 2005இல் வெளியான முடிவு, பயனில்லை என்பதே. ஈறு நோய்க்கும் தமனி நோய்க்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமென நிறுவப்படவில்லை என்று 2012இல் அமெரிக்க இதயச் சங்கமும் அறிவித்தது.

இதனை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. மிஸ்வாக் மாரடைப்பைத் தடுக்கும் என்று விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டதாக ஒரு பயானில் கேட்டேன். மார்க்கத்தின் மீதுள்ள அன்பினால் சொல்லப்பட்டதுதான். ஆனால் அதே பேச்சைக் கேட்டிருந்த என் நண்பர், இதயத் தமனியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டார். ஸ்டென்டில் குருதி உறையாமல் காப்பதே அந்த மாத்திரை. வீட்டார் மன்றாடி அவரை மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. அறிவும் ஓர் அமானிதம். அதைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பது முறையன்று.

மிஸ்வாக் குச்சி தரும் மரம் நமக்கு அந்நியமன்று. உகாய் என்று சங்கப் புலவர்கள் அறிந்திருந்த மரம் அது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை எவ்வளவு விரும்பினார்கள் என்பதையும், உம்மத்துக்குச் சிரமமாகும் என்றே ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்காமல் விட்டார்கள் என்பதையும் நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். வாயின் தூய்மைக்கும் இறைவனின் உவப்புக்கும் உரிய அந்தச் சுன்னத்துக்கு ஆய்வுக்கூடத்தின் நற்சான்று தேவையில்லை. அன்றாடம் படியும் அழுக்கை அது நீக்கும். இறுகிப்போன காரையைப் பல் மருத்துவர்தாம் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஆகவே, ஒளுச் செய்கையில் கொப்பளித்த நீர் சிவந்திருக்கக் கண்டால், அதைத் தண்ணீரோடு ஓடவிட்டு மறந்துவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் செல்லுங்கள். இதய நோயாளராயின் உண்ணும் மாத்திரைகளின் பெயரை அவரிடம் சொல்லுங்கள்; அவற்றில் ஒன்றையும் தாமாக நிறுத்தாதீர்கள். ஈறு ஆறுவதே ஒரு நலம். இதயத்துக்கும் அதில் பங்கு கிடைக்குமாயின், அல்ஹம்துலில்லாஹ்.