படிக்க முடியாத எழுத்துகள்



ஓவியம் என்றால் நமக்கு இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு குடிசை. நம்ம கீழ்வேளூரில் மலையே கிடையாது. ஆனாலும் எல்லார் டிராயிங் நோட்டிலும் மலை இருக்கும்!

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று ஓர் இடம் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) மற்ற ஓவியர்கள், சிற்பிகளோடு சேர்ந்து 1966-ல் தொடங்கியது. கோடை விடுமுறையில் மாமாவோடு அங்கே போனேன்.

காட்சிக்கூடம் சின்னதுதான். அதில் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் இருந்தது. இந்த வரிசையை அவர் 1963-ல் வரையத் தொடங்கினாராம். ஜாதகம் மாதிரி கட்டங்கள், எண்கள், கணக்குக் குறிகள், நடுநடுவே மலையாளம் போல நெருக்கமான எழுத்து. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அங்கிருந்த அண்ணன் சிரித்துக்கொண்டே, "அது படிக்கிறதுக்கு இல்லீங்க, பாக்குறதுக்கு" என்றார்.

எனக்குத் தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு ஞாபகம் வந்தது. டூர் போனபோது அதைத் தடவிப் பார்த்தோமே, யாருக்காவது ஒரு வரி படிக்க வந்ததா? இருந்தும் அந்த இடத்தைவிட்டு நகர மனசு வரவில்லை. இந்தப் படமும் அப்படித்தான்.

நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர ஆசைப்படுவது மாமாவுக்குத் தெரியும். "ஏம்மா, நல்லாத்தான் இருக்கு. இத வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்டார். வீட்டில் அப்பா கேட்கிற அதே கேள்வி. இதற்கும் அந்த அண்ணனே பதில் சொன்னார். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில்தான் ஓவியர்கள் இந்த நிலத்தை வாங்கினார்களாம். கைவேலை சோறு போட்டது. மிச்ச நேரத்தில் மனசுக்குப் பிடித்ததை வரைந்தார்கள்.

மாமா விவசாயி. நிலம் வாங்கினார்கள் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. "அப்ப கெட்டிக்காரங்கதான். நீ முதல்ல பிளஸ் டூவ முடி. அப்பாகிட்ட நான் பேசிப் பாக்குறேன்" என்றார். இன்னும் பேசவில்லை. நான் காத்திருக்கிறேன்.

தோழர்களே, வரைவதும் ஒரு உழைப்புதான். அடுத்த டிராயிங் பீரியடில் மலையை விட்டுவிட்டு, நம்ம ஊர் வாய்க்கால் மதகையோ அறுத்த வயலின் தாளையோ வரைந்து பாருங்கள். நன்றாக வந்தால் இதே சுவரில் ஒட்டுவோம்!

– 11-ஆம் வகுப்பு மாணவி