இருபது துளைச் சல்லடை

தூத்துக்குடியில் என் அக்கா வீட்டுப் பரண்மேல் ஒரு பித்தளைச் சல்லடை கிடக்கிறது. அடியில் இருபது துளைகள். முத்துக்களைத் தரம் பிரிக்க அந்நாளில் வைத்திருந்த பத்துச் சல்லடைகளில் அது பெரிய முத்துக்கு உரியது. கடைசிச் சல்லடைக்கு ஆயிரம் துளை. 1961ஆம் வருஷத்து முத்துக்குளிப்போடு அதற்கு வேலை ஓய்ந்துவிட்டது.

அக்கா மகன் மின்னணுவியல் படித்தவன். முன்னறையில் உட்கார்ந்து விசைப்படகுகளுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்கிறான். படகின் அடியில் தண்ணீர் ஏறினாலும், என்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும், சூடு மிஞ்சினாலும் அது மூன்று விதமாகக் கூவும். முதலில் நாற்பது பெட்டிகள். அதற்காக அக்காவின் சங்கிலி வங்கிக்குப் போயிற்று.

"மாமா, ரெண்டு வழி இருக்கு. நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றான் ஒரு நாள்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் மாமன் அல்லவா, கேட்டுக்கொண்டேன்.

முதல் வழி, கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஐ.சி. சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. 1960களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட 7400 வரிசையின் வாரிசுகள். பதினொரு சில்லு, ஒவ்வொன்றுக்கும் பதினான்கு கால், ஆக 154 இடத்தில் ஈயப் பற்று. உப்புக் காற்றில் எந்தப் பற்று எப்போது பச்சை பூக்கும் என்று யார் கண்டார்கள்?

இரண்டாவது வழி, நாமே உள்ளிணைப்பை எழுதிக்கொள்ளும் வெற்றுச் சில்லு. ஒன்றே போதும், 44 கால்.

"பரண்ல கிடக்க சல்லடை மாதிரிதான் மாமா. அது போட்ட துளை போட்டதுதான். இது வெறும் தட்டு. வேணுங்கிற துளைய நாம போட்டுக்கிடலாம். சரியில்லேன்னா அடைச்சிட்டு வேற போடலாம்."

சொந்தமாகச் சில்லு வார்க்க நாற்பது பெட்டிக்காரனுக்குக் கட்டுமா? சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலியையே இந்த இனத்துப் பெரிய சில்லுகளில் ஏற்றிப் பார்த்தார்கள். 2018இல் அது தனிச் சில்லாகவே வார்ப்பாகி வந்தது.

"சின்னக் கம்ப்யூட்டர் ஒண்ணு வச்சா என்னடா?" என்றேன்.

"அது நடுவுல திகைச்சு நின்னுட்டா, படகுல தண்ணி நிக்காதே மாமா!"

எழுதும் சில்லையே தேர்ந்தான். கூவல் காதில் விழவில்லை என்று ஒரு படகுக்காரர் குறை சொன்னபோது, ஒரு பற்றைக்கூடப் பிரிக்காமல் மாலைக்குள் மாற்றிக் கொடுத்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2024இல் அடுத்த நாற்பதுக்குச் சில்லு கேட்டபோது, செய்கிற நிறுவனம் அந்த வகையையே நிறுத்தப்போவதாகத் தெரிந்தது. அதே கால் வரிசையில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை. எழுதிய இணைப்பு வேறு சில்லுக்கு ஒத்து வரும். ஆனால் பலகையைப் புதிதாக வரைய வேண்டும். பழைய 7400 இனமோ பல நிறுவனங்கள் செய்வது. ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவரிடம் கிடைக்கும்.

அந்தச் சமயம் துறைமுகத்தில் ஒரு முதிய படகுக்காரர் கேட்டாராம்: "தம்பி, நாளைக்கு நீ வெளிநாடு போயிட்டா இதை யாரு பாப்பா?"

இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள் அக்கா. அப்புறம்தான் ஒரு முடிவுக்கு வந்தான். அடித்தண்ணீர் எச்சரிக்கையை மட்டும் இரண்டு சாதாரணச் சில்லில் தனியாக வைத்தான். எந்த ரேடியோ மெக்கானிக்கும் மீட்டர் வைத்துப் பார்த்து மாற்றிவிடலாம். உயிர் சம்பந்தப்பட்டது அது ஒன்றுதானே? அடிக்கடி மாறுகிற மற்றவை எழுதும் சில்லில். அதிலும் பத்து வருஷத்துக்கு வேண்டியதை இப்போதே வாங்கி டப்பாவில் போட்டுவிட்டான்.

லட்சக்கணக்கில் செய்கிறவனுக்குச் சில்லின் விலைதான் கணக்கு. நாற்பது செய்கிறவனுக்கு அந்த மிச்சம் பெரிதில்லை. பெட்டி கெட்ட அன்று அதைத் திறந்து பார்க்கக் கரையில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் படகுக்காரர்.

இதையெல்லாம் அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லதுதான்டா தம்பி. பலகையப் புதுசா வரையுததுல எஞ்சங்கிலி இன்னும் ஒரு வருஷம் பேங்குலயே கிடக்கும். அதுக்கு எந்தச் சில்லு வைக்கப்போறீய?" என்றாள்.