இரத்தத்தின்மேல் போட்ட பழி

எங்கள் வீடுகளில் 'ஸ்டென்ட்' கிட்டத்தட்டத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு மாமா "எனக்கு ரெண்டு வச்சிருக்கு" என்பார். பின்னால் நிற்பவர் "எனக்கு மூண்டு" என்பார், ஊர்க் காணிக் கணக்குச் சொல்வதுபோல. தெற்காசியர்களான எங்களுக்கு இதய நாடி நோய் அதிகமாகவும் இளவயதிலேயும் வருகிறது என்பது பல நாடுகளில் ஆராய்ந்து கண்ட விஷயம். அதனால் இதை வாசிக்கும் உங்களில் பலர் என்றோ ஒருநாள் வைத்தியசாலைக் கட்டில் ஓரத்தில் நின்று, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வைத்தியர் சொல்வதை மொழிபெயர்க்க வேண்டிவரும். நான் அதைச் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு தேடி வாசித்ததில் ஒரு கதை மனதில் நின்றுவிட்டது.

நான் வைத்தியன் இல்லை. படித்தது பொறியியல், செய்வது கணினி ஆலோசனை. இந்தக் கதை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், இது கோளாறு எங்கே என்று தேடும் கதை. எல்லோரும் ஓர் இடத்தைக் காட்டிப் பழி சொல்லிக்கொண்டிருக்க, கோளாறு வேறோர் இடத்தில் இருந்தது.

முதலில் கொஞ்சம் பின்னணி. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களை இலங்கைப் பாடப்புத்தகங்களில் முடியுரு நாடிகள் என்பார்கள். ஒன்றின் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். அது அடைபட்டால், 1977 வரைக்கும் நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையைத் தவிர பெரிய வழி கிடையாது. அந்த வருடம் செப்டம்பர் 16ஆம் திகதி, சூரிச்சில் அன்ட்ரியாஸ் குரூன்ற்சிக் என்ற வைத்தியர், விழித்திருந்த ஒரு நோயாளியின் நாடிக்குள் சின்னப் பலூன் ஒன்றைச் செலுத்தி, ஊதி, அடைப்பைச் சுவரோடு அமுக்கினார். அந்தப் பலூன்களை அவர் வீட்டுச் சமையலறையில் இருந்து செய்து பார்த்தவர். (கராஜில் கம்பனி தொடங்கிய கதைகளையே கேட்டு அலுத்தவர்களுக்கு இது ஒரு மாற்றம்.)

பலூனை எடுத்ததும் சில நாடிகள் திரும்பச் சுருங்கின. அதைத் தாங்க ஒரு வலைக்குழாய் வேண்டும் என்று 1986இல் பிரான்சில் தூலூஸிலும் சுவிற்சர்லாந்தில் லோசானிலும் முதல் ஸ்டென்ட்களை வைத்தார்கள். நாடி சுருங்கவில்லை. ஆனால் உலோகத்தைக் கண்டதும் இரத்தம் உறைந்தது. 1991இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், ஸ்டென்ட் வைத்த 105 பேரில் 25 பேருக்கு அது முழுதாக அடைபட்டிருந்தது. நூற்றுக்கு 24 பேர்.

எல்லோரும் இரத்தத்தைத்தான் குற்றம் சொன்னார்கள். உலோகம் அந்நியப் பொருள், இரத்தம் அதன்மேல் உறைகிறது, ஆகவே உறையாமல் தடுப்போம். ஹெப்பரின், வார்ஃபரின், அஸ்பிரின் என்று ஒன்றன்மேல் ஒன்றாக மருந்து கொடுத்தார்கள். நோயாளிகள் நாட்கணக்காக வைத்தியசாலையில் கிடந்தார்கள். ஊசி குத்திய தொடையில் இரத்தம் நிற்காமல் ஒழுகியது. இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு ஸ்டென்ட் அடைபட்டது.

மிலானில் அன்ரோனியோ கொலம்போ என்ற இதய வைத்தியர் வேறொரு கேள்வி கேட்டார். உள்ளே வைத்த ஸ்டென்ட் உண்மையில் எப்படி இருக்கிறது?

அது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார்கள். அஞ்சியோகிராம் படம் இருக்கிறதே! நாடிக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் குழாய் கறுப்பாகத் தெரியும். ஆனால் அந்தப் படம் ஒரு நிழல். ஒரு சாப்பாட்டுத் தட்டை மேலே இருந்து பார்த்தால் வட்டம், பக்கத்தால் பார்த்தால் ஒரு கோடு. நிழலை வைத்து உருவத்தைச் சொல்வதில் உள்ள சிக்கல் அதுதான். இன்னொன்றும் உண்டு. ஸ்டென்ட் ஒரு வலை. அது சுவரில் ஒட்டாமல் நடுவில் தொங்கினாலும், சாயம் கண்களுக்குள்ளால் வெளியே ஓடி இடைவெளியை நிரப்பிவிடும். படத்தில் நாடி முழுதாகத் திறந்ததுபோல அழகாக இருக்கும்.

கொலம்போ கையில் எடுத்தது ஐவஸ் எனப்படும் கருவி. 1980களில் அமெரிக்காவில் போல் யொக் போன்றவர்கள் உருவாக்கியது. கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள கதீற்றரின் நுனியில் மீயொலி அனுப்பும் சின்னப் பாகம் ஒன்று இருக்கும். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே தத்துவம், இங்கே நாடிக்குள் இருந்து சுற்றிவரப் பார்க்கிறது. நிழல் இல்லை, குறுக்குவெட்டு. சுவரும் தெரியும், சுவருக்குள் படிந்த கொழுப்பும் கல்சியமும் தெரியும், வலையின் கம்பிகளும் தெரியும்.

அதில் பார்த்தால், அஞ்சியோகிராமில் 'நன்றாக இருக்கிறது' என்று முடித்துவைத்த ஸ்டென்ட்களில் பெரும்பாலானவை சரியாக விரியவே இல்லை. சில ஒரு பக்கம் நசுங்கியிருந்தன, சில சுவரைத் தொடாமல் நின்றன. கம்பிக்கும் சுவருக்கும் நடுவே இரத்தம் தேங்கினால் உறையத்தான் செய்யும். அது இரத்தத்தின் குணம், அதன் வேலையே அதுதான்.

அவர் ஸ்டென்ட்டை அதிக அழுத்தத்தில் மறுபடி ஊதினார். அக்காலத்தில் வழக்கமாக இருந்ததைவிட மிக அதிகம். 12, 15, அதற்கும் மேலான வளிமண்டல அழுத்தம். கார் டயருக்கு அடிப்பது இரண்டுக்குச் சற்று மேலே, ஒப்பிட்டுப் பாருங்கள். ஊதிவிட்டு ஐவஸால் திரும்பப் பார்த்து, விரிந்தது உறுதியானதும், அவர் செய்ததுதான் துணிச்சல்: வார்ஃபரினை நிறுத்தினார். இரத்தத் தட்டுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரைகளை மட்டும் கொடுத்தார். ஸ்டென்ட்கள் அடைபடுவது மிக அரிதாகவே நடந்தது. 1995இல் 'சர்க்குலேஷன்' இதழில் அதை வெளியிட்டார். 1998இல் அமெரிக்காவில் 1653 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அஸ்பிரினோடு வார்ஃபரின் எடுத்தவர்களில் 2.7 வீதத்தினருக்கு 30 நாளுக்குள் பாதிப்பு வந்தது. அஸ்பிரினோடு டிக்ளோபிடின் எடுத்தவர்களில் 0.5 வீதம். ஸ்டென்ட் வைத்து அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம் என்று இன்று சொல்கிறார்களே, அதற்கான பாதை அங்கேதான் திறந்தது.

இனி வருவதுதான் எனக்கு ஜீரணிக்கக் கஷ்டமான பகுதி. உலகம் கொலம்போவிடமிருந்து அழுத்தத்தை எடுத்துக்கொண்டது, மாத்திரையையும் எடுத்துக்கொண்டது. உள்ளே பார்ப்பதை விட்டுவிட்டது. 'எல்லோருக்கும் பலமாக ஊதுகிறோம், இரண்டு மாத்திரை கொடுக்கிறோம், பிறகு ஐவஸ் எதற்கு?' என்பது வாதம். நேரம் போகும், கருவிக்குக் காசு, படத்தை வாசிக்கப் பழக வேண்டும். சாதாரண அடைப்புகளுக்கு அந்த வாதம் பெரும்பாலும் சரிதான். ஆனால் கல்சியம் இறுகிய நாடி, கிளை பிரியும் இடம், நீண்ட அடைப்பு என்று வரும்போது நிழலை நம்பியே பல வருடங்கள் ஓடின. காப்புறுதி இதற்குப் பணம் கொடுக்கும் ஜப்பானில் மட்டும் அனேகமாக எல்லோருக்கும் உள்ளே பார்த்தே ஸ்டென்ட் வைக்கிறார்கள்.

என் அப்பாவுக்கு நடந்ததும் கல்சியம்தான். ஸ்காபரோவில் இருக்கிறோம். மணிக்கட்டு வழியாகச் செய்து முடித்துக் கட்டிலுக்குக் கொண்டுவந்த பிறகு, வைத்தியர் கணினித் திரையில் வட்டவட்டமாக இரண்டு படங்களைக் காட்டினார். முதலாவது நசுங்கிய வட்டம், இரண்டாவது நல்ல வட்டம். அவர் பேச, அப்பா என்னைப் பார்த்தார்.

"தம்பி, என்னவாம்?"

"ஸ்டென்ட் வச்ச இடத்திலை ஒரு பக்கம் வடிவா விரியேல்லையாம் அப்பா. சுவரிலை கல்சியம் இறுகிக் கிடந்ததாம். உள்ளுக்குப் பாத்துத்தான் கண்டுபிடிச்சவையாம், திரும்பவும் ஊதினவையாம்."

அப்பா இளவயதில் சாவகச்சேரியில் சித்தப்பாவின் சைக்கிள் கடையில் நின்றவர். கொஞ்சம் யோசித்தார். "காத்துக் காணாமக் கிடந்திருக்கு" என்றார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வைத்தியர் சிரித்து, ஆம், அதேதான் என்றார்.

ஐவஸுக்கு இப்போது ஒரு தம்பியும் இருக்கிறது, ஓசிடி. 1991இல் எம்ஐடியில் ஒரு குழு உருவாக்கியது, முதலில் புகழ்பெற்றது கண் வைத்தியத்தில். ஒலிக்குப் பதிலாக அகச்சிவப்புக்கு அருகான ஒளி. 10 முதல் 20 மைக்ரோன் வரையான நுணுக்கம், ஐவஸைவிடப் பத்து மடங்கு கூர்மை. ஆனால் ஒளியை இரத்தம் மறைக்கும், ஆகவே சில விநாடிகளுக்குச் சாயத்தைப் பாய்ச்சி இரத்தத்தை விலக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தச் சாயம் நல்லதல்ல. நீரிழிவு உள்ள எங்கள் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2023இல்தான் பெரிய ஆதாரங்கள் சேர்ந்தன. தென்கொரியாவில் சிக்கலான அடைப்புள்ள 1639 பேரில், உள்ளே பார்த்துச் செய்தவர்களில் 7.7 வீதத்தினருக்கு மரணமோ மாரடைப்போ மறுசிகிச்சையோ நேர்ந்தது. அஞ்சியோகிராம் மட்டும் பார்த்தவர்களில் 12.3 வீதம். அதே வருடம் ஓசிடியை வைத்து 2487 பேரிடம் செய்த ஆய்வில் ஸ்டென்ட் கூடுதலாக விரிந்தது, உறைவும் குறைந்தது. ஆனால் மொத்தப் பாதிப்பில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. இந்த இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் பகிர்பவர்களை நம்பாதீர்கள். 2024இல் ஐரோப்பிய இதயவியல் சங்கம், சிக்கலான அடைப்புகளுக்கு உள்ளே பார்ப்பதைத் தன் பரிந்துரையின் முதலாம் தரத்தில் வைத்தது. கொலம்போவின் கட்டுரைக்கு 29 வருடங்களுக்குப் பிறகு.

உங்கள் வீட்டில் யாருக்காவது திகதி கொடுத்திருந்தால், முன்கூட்டியே பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "ஐவஸோ ஓசிடியோ வைத்துப் பார்ப்பீர்களா?" 'இந்த அடைப்புக்குத் தேவையில்லை' என்பது நியாயமான பதிலாக இருக்கலாம், ஏன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டென்ட்டின் நீளமும் விட்டமும் எழுதிய ஒரு சின்ன அட்டை தருவார்கள், அதைப் படம் எடுத்து உங்கள் போனில் வையுங்கள், அப்பாமாரின் பேர்ஸை நம்ப முடியாது. இரண்டு மாத்திரைகளையும் பல் பிடுங்கவோ ஊருக்குப் போகவோ என்று தாங்களாகவே நிறுத்தப் பார்ப்பார்கள். இதய வைத்தியரைக் கேட்காமல் விடாதீர்கள்.