இரண்டு ஜோடித் தோடுகள்

நேரலையில் மூன்று விநாடி பேச்சு நின்றாலே அறிவிப்பாளர்களுக்குக் கை நடுங்கும். அன்றைக்கு நான் அதைவிட அதிக நேரம் வாயடைத்துப் போயிருந்தேன்.

தேசிய தினத்தையொட்டி நம் சமூகப் பெண்களைப் பற்றி ஓர் அங்கம். அன்று ஜானகி ஆதி நாகப்பன் முறை. 1925-இல் கோலாலம்பூரில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து உதவி கேட்டுப் பேசியபோது அவருக்கு 18 வயது. காதில் கிடந்த தோட்டை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். அப்பா மறுத்தும் விடாமல் கேட்டு அனுமதி வாங்கி, டாக்டர் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அதிகாரியாகி, பர்மாவில் படையின் துணைத் தலைமை வரை உயர்ந்தார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, பெண்களை அழைத்துக்கொண்டு இரவு இரவாக நடந்தார். நேதாஜியும் உடன் நடந்தார். 2000-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

உள்ளூர்ப் பெருமை ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். நடுக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியை ஏற்றிக்கொண்ட ஜப்பானிய நீர்மூழ்கி, 1943 ஏப்ரலில் புறப்பட்டது நம் பினாங்கிலிருந்துதான்!

அப்போதுதான் அந்த அழைப்பு. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு பெரியவர்.

"ஏம்மா, அதே ஜப்பான்காரன்தான் எங்க பெரியப்பாவ லாரியில ஏத்திச் சயாமுக்குக் கொண்டுபோனான். இன்னைக்கு வரைக்கும் திரும்பல. அவனோட சேர்ந்து நின்ன படைக்கு நாங்க கை தட்டணுமா?"

பதில் வரவில்லை. "நன்றி ஐயா" என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டேன்.

அன்றிரவு தூக்கமில்லை. ஊடகம் படித்தவள்; கதையில் இடிக்கிற பகுதியை நறுக்கத் தெரியும். அதைத்தான் செய்திருந்தேன் என்பது உறைத்தது. புத்தகங்களைப் புரட்டினேன். 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்த நாள் 17 அக்டோபர் 1943. சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது அக்டோபர் 22. இடையே ஐந்தே நாள்! மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்து போட்ட அந்தத் தண்டவாளத்தின் வழியாகத்தான், இந்தப் பெண்களும் பின்னர் பர்மாவுக்குப் போனார்கள். அவர்களிலும் பலர் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகள்தாம். ஒரே லயத்திலிருந்து அப்பன் சாவுக்கும் மகள் படைக்குமாகப் போன காலம் அது.

மறுநாள் பெரியவருக்குப் போன் செய்து, "உங்களுக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை ஐயா" என்று சொன்னேன். சற்று நேரம் அமைதி. பிறகு அவரே பேசினார்.

"அந்தம்மாவ நான் குத்தம் சொல்லலம்மா. 18 வயசுல எவ்வளவு துணிச்சல்! எங்க பெரியம்மாவும்தான் தோட்டைக் கழட்டினாங்க. பிள்ளைங்களுக்கு மரவள்ளிக் கிழங்கு மட்டுமே போட்டு மாளல, கொஞ்சம் அரிசி வாங்க. அதை யாரும் ரேடியோல சொல்ல மாட்டீங்க."

பெரியப்பா இறந்த நாள் தெரியாததால், ஆடி அமாவாசை அன்றுதான் அவருக்குப் படையல் போடுகிறார்களாம். பெரியம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லையாம்.

போருக்குப் பின் ஜானகி விருதுகளை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 1946-இல் ஜான் திவியோடு ம.இ.கா. உருவாக உழைத்தார், பின்னாளில் மேலவை உறுப்பினரானார், 2014-இல் மறைந்தார். வெள்ளைக்காரன் போக வேண்டும் என்று அவர் எடுத்த முடிவைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. அதற்காக, அவர் யாருடைய துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது என்பதை மறைக்கவும் கூடாது.

அடுத்த வாரம் அதே நேரத்தில் ஜானகியைப் பற்றி மறுபடியும் பேசினேன். உடனே, பெயர் சொல்லாமல், அந்தப் பெரியம்மாவைப் பற்றியும் பேசினேன். இருவரும் கழற்றியது தோடுதான்.

உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போனவர், படைக்குப் போனவர் என்று யாராவது இருப்பார்கள். தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எனக்கு அந்தக் கதை ஒரு பெரியவரின் கோபத்தில்தான் கிடைத்தது.