என்னிடம் இல்லாத இசைத்தட்டுகள்

என்னிடம் இருக்கும் ஜாஸ் இசைத்தட்டுகள் 186. என்னிடம் இல்லாதவை 341. தன்னிடம் உள்ளதைத்தான் எல்லோரும் எண்ணி வைப்பார்கள். நான் இல்லாததையும் எண்ணி வைத்திருக்கிறேன், ஒரு நீல அட்டை போட்ட நோட்டில்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த மயிலாப்பூர்க்காரனுக்கு ஜாஸ் எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். சிற்றலை வானொலியிலிருந்துதான். 1967-ல் தொலைபேசித் துறையில் சேர்ந்த புதிதில், வீட்டில் ஒரு பழைய வால்வ் ரேடியோ இருந்தது. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ திருப்புவேன். டியூக் எலிங்டன் குழுவின் ‘டேக் தி ஏ டிரெயின்’ ஒலிக்கும். அது முடிந்ததும் வில்லிஸ் கானோவர் என்ற அறிவிப்பாளரின் கனத்த குரல் வரும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகப் பேசுவார். பாட்டின் பெயர், யார் யார் வாசிக்கிறார்கள், எந்த வருஷம் பதிவானது, எல்லாம் சொல்லுவார். அந்த ஒலிபரப்பு வெளிநாட்டு நேயர்களுக்கு மட்டும்தான். உள்நாட்டு மக்களுக்கு அதைத் தரக்கூடாது என்று அப்போது அவர்கள் நாட்டிலேயே சட்டம் இருந்தது. அதனால் உலகமெல்லாம் தெரிந்த அந்த மனிதரை அமெரிக்காவில் தெரிந்தவர்கள் குறைவு.

அவர் சொல்வதையெல்லாம் இருட்டில் அந்த நோட்டில் எழுதிக்கொள்வேன். சிற்றலை என்றால் உங்களுக்குத் தெரியுமே, அலை போல ஏறும், இறங்கும். சரியாகப் பெயர் சொல்லும் இடத்தில் இறங்கிவிடும். நோட்டில் ஓர் இடத்தில் ‘சாக்ஸபோன்: சோனி’ என்று எழுதி அப்புறம் வெறும் கோடு. அது ரோலின்ஸா, ஸ்டிட்டா என்று தெரியப் பல வருஷமாயிற்று. சில கோடுகள் இன்னும் கோடாகவே இருக்கின்றன.

கேட்டதையெல்லாம் வாங்க முடியாது. அந்த நாளில் வெளிநாட்டுத் தட்டு இங்கே வருவதே அபூர்வம், வந்தாலும் என் சம்பளத்துக்கு எட்டாது. மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். சினிமாப் பாட்டுக்கும் ஹரிகதைக்கும் நடுவில் ஒரு லூயி ஆர்ம்ஸ்ட்ராங் அகப்படும். பெரம்பூரில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது மேஜை நாற்காலியோடு தட்டுகளையும் விற்றுவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்தவைதான் இந்த 186-ல் பாதி. அதனால் என் சேகரிப்பில் ஒழுங்கு கிடையாது. ஒரு கலைஞரின் முதல் தட்டும் கடைசித் தட்டும் இருக்கும், நடுவில் இருபது வருஷம் காணாது.

இந்த ஓட்டைகள் ஏழ்மையாலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் வந்தவை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, பெரிய பெரிய ஓட்டைகள் ஜாஸ் சரித்திரத்திலேயே இருக்கின்றன. அவற்றை எந்தக் கோடீஸ்வரனும் அடைக்க முடியாது.

ஜாஸின் முதல் ராஜா என்று நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் சொல்வது பட்டி போல்டன் என்ற கார்னெட் வாத்தியக்காரரை. 1907-ல் அவருக்குப் புத்தி பேதலித்து மனநல விடுதியில் சேர்த்தார்கள். 1931-ல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு நொடிகூட நமக்குக் கிடைக்கவில்லை. மெழுகு உருளையில் ஒரு பதிவு இருந்ததாகப் பேச்சு உண்டு, கண்டவர் இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம்.

அவருக்கு அடுத்து வந்தவர் ஃப்ரெடி கெப்பர்ட். தன் விரல் போகும் வழியை மற்றவர்கள் பார்த்துவிடக்கூடாதென்று கையைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வாசிப்பாராம். தட்டு கொடுத்தால் வித்தையைத் திருடிவிடுவார்கள் என்று மறுத்தார் என்றும் கதை உண்டு. முதல் ஜாஸ் தட்டு 1917-ல் வெளிவந்தபோது அதில் வாசித்தது ஒரு வெள்ளைக்காரக் குழு. கெப்பர்ட் பிற்பாடு பதிவு செய்தார், ஆனால் நல்ல காலம் கடந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குக் காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை ஞாபகம்தான் வந்தது. லய வித்தையில் அவ்வளவு பெரிய பெயர்; ஆனால் அவர் தட்டு கொடுக்கவில்லை. கேட்டவர்கள் சொன்னதை வைத்து நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு ஓட்டை 1942 ஆகஸ்ட் 1-ல் ஆரம்பித்தது. ரேடியோவிலும் காசு போட்டால் பாடும் பெட்டியிலும் தட்டுகளே பாடினால் எங்கள் பிழைப்பு என்னாவது என்று அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டது. பெரிய கம்பெனிகள் இரண்டு 1944 நவம்பரில்தான் இறங்கி வந்தன. அந்த இடைவெளியில்தான் ‘பீபாப்’ என்ற புதுப் பாணி பிறந்து தவழ்ந்தது. 1943-ல் ஏர்ல் ஹைன்ஸ் குழுவில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கிலெஸ்பி, பாடகி சாரா வான் மூவரும் ஒரே மேடையில் இருந்தார்கள். அந்தக் குழுவுக்கு ஒரு தட்டுகூட இல்லை. 1945-ல் பார்க்கர் தட்டுகள் வெளிவந்தபோது, வானத்திலிருந்து குதித்தது மாதிரி ஜனங்கள் திகைத்தார்கள். குழந்தை பிறந்ததையும் பார்க்காமல், தவழ்ந்ததையும் பார்க்காமல், ஓடி வந்ததை மட்டும் பார்த்தவர்கள்.

இத்தனையும் எழுதக் காரணம், சென்ற மாதம் நடந்த இரண்டு விஷயங்கள்.

ஒன்று, காது டாக்டர். பேரன் பேசுவது சரியாக விழவில்லை என்று போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, பரிசோதித்த பெண் ஒரு வரைபடம் காட்டினாள். 3000 ஹெர்ட்ஸ் வரை சுமாராக வந்த கோடு அதற்கு மேல் சரிந்து பள்ளத்தில் விழுந்திருந்தது. “வயசானா வர்றதுதான் சார். மெஷின் வச்சுக்கலாம், பேச்சு தெளிவாகும். ஆனா மேல போனது முழுசாத் திரும்பாது” என்றாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டைப் போட்டேன். ஐம்பது வருஷமாகக் கேட்கும் தட்டு. ஜாஸில் டிரம்ஸ்காரர் வலது கையால் ஒரு பித்தளைத் தட்டில் விடாமல் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். சிம்பல் என்பார்கள். நம் நட்டுவனார் கைத்தாளம் மாதிரி, மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கும். அந்தக் கிணுகிணுப்பு எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அது எங்கே விழுகிறது என்று என் விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது, என் மகள். அமெரிக்காவில் இருக்கிறாள். போன வாரம் பேசும்போது, “அப்பா, அந்த நீல நோட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க. இப்ப எல்லாமே கிடைக்குது. ஒண்ணொண்ணா வாங்கி அனுப்பிடறேன்” என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து 341 தட்டுகள் வரப் போகின்றன, கேட்கிற காதில் பாதி இல்லை. தெரிந்த தட்டென்றால் ஞாபகம் கை கொடுக்கும். இதுவரை கேட்டிராத தட்டுக்கு எது கை கொடுக்கும்?

முப்பத்தெட்டு வருஷம் டெலிபோனோடு வாழ்ந்தவன் நான். டெலிபோன் கம்பியில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் போகும். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் வெட்டிவிடுவோம். அப்படியும் ‘அலோ’ என்ற உடனே அம்மாவின் குரல் என்று தெரிந்துவிடும். மிச்சத்தைக் கேட்பவர் போட்டுக்கொள்கிறார். இதை வைத்துத்தானே எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்! சிற்றலை வானொலியும் ஏறக்குறைய அப்படித்தான், 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் ஒன்றும் வராது. அதனால், இருபது வயதில், நல்ல காதோடு, நான் கேட்ட ஜாஸிலும் அந்தக் கிணுகிணுப்பு பெரும்பாலும் இருந்திருக்காது. இரைச்சலுக்கு அடியில் பாதிதான் கேட்டேன். அதிலேதான் மயங்கினேன். 1923-ல் கிங் ஆலிவர் குழு இண்டியானாவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு கொட்டகையில் பதிவு செய்த கதையும் இதுதான். அப்போது மைக் கிடையாது, ஒரு பெரிய கொம்புக் குழாயின் முன் நின்று வாசிக்க வேண்டும். டிரம்ஸை அந்தக் குழாய் தாங்காதென்று டிரம்ஸ்காரர் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டினார். முழு டிரம்ஸ் இல்லாத அந்தத் தட்டுகளைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே ஜாஸ் கற்றது.

மகளிடம் பட்டியலை அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு தட்டு மட்டும் கேட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

1957-ல் பியானோ மேதை தெலோனியஸ் மாங்க்கும் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனும் நியூயார்க்கில் ‘ஃபைவ் ஸ்பாட்’ என்ற சின்ன விடுதியில் பல மாதங்கள் சேர்ந்து வாசித்தார்கள். கேட்டவர்கள் வாழ்நாள் முழுக்க அதைப் பற்றியே பேசினார்கள். ஸ்டூடியோவில் பதிவான சில உருப்படிகளைத் தவிர, அந்த வருஷத்துக்குச் சாட்சி இல்லை என்றே நினைத்திருந்தார்கள். என் நோட்டிலும் ‘மாங்க்–கோல்ட்ரேன்’ என்று ஒரு வரி, எதிரே வெறும் கோடு. 2005-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பழைய நாடாக்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த லாரி ஆப்பிள்பாம் என்பவர் கையில் ஒரு நாடா அகப்பட்டது. 1957 நவம்பர் 29, கார்னகி ஹால், மாங்க் குழு, கூடவே கோல்ட்ரேன். நாற்பத்தெட்டு வருஷம் அலமாரியில் தூங்கியிருக்கிறது. அதைப் பதிவு செய்தது யார் தெரியுமா? வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா! என் ரேடியோவில் ராத்திரி ராத்திரியாக நான் தேடிய அதே நிலையம், வெளிநாட்டு நேயர்களுக்காக.

தட்டு போன வியாழக்கிழமை வந்தது. காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன். சிம்பல் கேட்கவில்லை. பியானோ முட்டி முட்டி நடக்கிறது, மேலே சாக்ஸபோன் கொட்டுகிறது. மைலாப்பூர் மாடி அறையில், எதிர் வீட்டு நாய் குரைப்புக்கு நடுவே, காதை ரேடியோவோடு ஒட்டி வைத்துக் கேட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பல வருஷம் தாமதமாக வந்து சேர்ந்த நிகழ்ச்சி. இந்தத் தடவை அலை இறங்கவில்லை, பெயர்கள் எல்லாம் தெளிவாக அட்டையிலேயே இருந்தன. நோட்டை எடுத்து அந்தக் கோட்டின் மேல் எழுதி முடித்தேன்.