ரதியும் ஒரு போன் விளையாட்டும்

என் அக்கா மகள் போனில் விளையாடும் விளையாட்டையும், நான் சிறு வயது முதல் பார்த்துவரும் காமன் கூத்தையும் ஒன்றாக வைத்துப் பேசினால் எங்கள் லயத்துப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒன்று சாமி காரியம், மற்றது பிள்ளைகளைக் கெடுக்க வந்த சாமான் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் இரண்டிலுமே மனிதர்கள் வேறொருவராக வேஷம் எடுத்து ஒரு கதைக்குள் போய்த் திரும்புகிறார்கள். இரண்டு கதைகளிலும் ஒருவர் இல்லாமற் போகிறார். இன்னொருவர் அவரைக் கேட்டு அலைகிறார். அதனால்தான் எனக்கு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது.

காமன் கூத்தை எமது முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கோப்பிக் காட்டுக்கும் தேயிலை மலைக்கும் வேலைக்கு வந்தபோது தம்மோடு கொண்டு வந்தார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களில் இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு அம்மாவோ அம்மம்மாவோ இதைச் சொல்லியிருக்கக்கூடும். மாசி மாத அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை கண்டதும் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து இரவு இரவாகத் தப்புச் சத்தம் கேட்கும். ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் நடக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவான். போகாதே என்று ரதி மறிப்பாள். கெட்ட கனவு கண்டேன் என்பாள். அவன் கேட்கமாட்டான். பூ அம்பை விடுவான், சிவன் நெற்றிக் கண்ணைத் திறப்பார், காமன் எரிந்து சாம்பலாவான். பிறகு ரதியின் புலம்பல். விடியும் வரை அவள் அழுது கேட்டுத்தான் காமனுக்கு உயிர் திரும்ப வருகிறது. அப்படி வந்தும் அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான், வேறு யாருக்கும் தெரியமாட்டான்.

எங்கள் தோட்டத்தில் வேஷம் கட்டுபவர்கள் எல்லோரும் ஆண்கள்தான். ரதியும் ஆண்தான். கம்பம் ஊன்றிய நாளிலிருந்து விரதம். பகலில் மலையில் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த பையன் இரவில் சேலை கட்டி ரதியாக நிற்பான். அந்த நாட்களில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். புலம்பலின்போது பொட்டலைச் சுற்றிப் போர்வையோடு இருக்கும் பெண்களெல்லாம் சேர்ந்து அழுவார்கள். காமனுக்காக மட்டுமா அழுவார்கள்? அவரவர் வீட்டில் அழ முடியாமற் போனதையும் சேர்த்துத்தான்.

இனிப் போன் விளையாட்டு. அதன் பெயர் கென்ஷின் இம்பெக்ட். சீனாவின் மிஹோயோ என்ற நிறுவனம் 2020 செப்டெம்பரில் வெளியிட்டது. கொழும்பில் போன் கடையில் வேலை செய்யும் என் மகன் தன் பழைய போனை இவளுக்குக் கொடுத்தபோது அதற்குள்ளேயே இந்த விளையாட்டும் இருந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் ஒழுங்காக வராது. காமன் பொட்டலுக்கு ஏறினால்தான் வரும். ஆகவே அவள் விளையாடுவதும் அங்கேதான்.

ஒரு நாள் பக்கத்தில் இருந்து என்ன கதை என்று கேட்டேன். "ரெண்டு இரட்டைப் பிள்ளைங்க சித்தி. அண்ணன் தங்கச்சி மாதிரி. ஒரு ஆளை ஒரு சாமி பிடிச்சிட்டுப் போயிருது. மத்த ஆள் ஊர் ஊராத் தேடிப் போகுது" என்றாள். யாராக விளையாடுவது என்பதைத் தொடக்கத்தில் நாமே தெரிவு செய்யலாம். இவள் பெண்ணைத் தெரிவு செய்திருந்தாள். கையில் வாள். அந்தப் பெண் ஏழு நாடுகளுக்கும் போய், ஒவ்வொரு நாட்டின் சாமியிடமும் என் அண்ணன் எங்கே என்று கேட்க வேண்டும்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இந்தப் பிள்ளையின் அப்பாவை 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் கடைசியாகக் கண்டது. அப்போது இவளுக்கு இரண்டு வயது. அக்கா கச்சேரி, முகாம், ஆணைக்குழு என்று போகாத இடமில்லை. பிறகு கடனைத் தீர்க்கக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இவள் என்னிடம் வந்தாள்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு விடயத்தில் போன் விளையாட்டுக்கே என் ஓட்டு. அதில் பெண் பிள்ளை வேஷம் எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கூத்தில் எங்களுக்குக் கிடைத்தது போர்வையும் அழுகையும்தான்.

மற்றபடி எனக்குக் கூத்துத்தான் பெரியது. விளையாட்டில் சாவுக்குக் கனம் கிடையாது. விழுந்த ஆளை ஒரு சிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எழும்பிவிடும். சில சாப்பாட்டைக் கொடுத்தாலும் எழும்பும். ரதிக்கு அப்படி இல்லை. அவள் இரவு முழுக்க நிற்க வேண்டும். ஊரும் அவளோடு நிற்கும்.

காசு விடயத்தையும் பிள்ளைகள் உள்ள தாய்மார் அறிந்திருக்க வேண்டும். விளையாட இலவசம்தான். ஆனால் புதிய வேஷங்களை அதிர்ஷ்டச் சீட்டுப் போல இழுத்துப் பார்க்க வேண்டும். மிகச் சிறந்த வகை ஒரு இழுப்பில் விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஆறுதான். எதுவும் விழாவிட்டால் 90ஆவது இழுப்பில் கட்டாயம் ஒன்று தருவார்களாம். விளையாடிச் சேர்த்ததைக் கொண்டும் இழுக்கலாம், காசு கட்டியும் இழுக்கலாம். காசு கட்டினால் ஒரு இழுப்புக்கு ஏறக்குறைய இரண்டரை டொலர். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் ஆனது. இரண்டு இழுப்புக்கு ஒரு நாள் கொழுந்து போய்விடும். அமெரிக்காவில் இதற்காக அரசு நடவடிக்கை எடுத்தது. 2025 ஜனவரியில் 2 கோடி டொலர் கட்டவும், பெற்றோர் சம்மதமின்றி 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தச் சீட்டுகளை விற்காதிருக்கவும் நிறுவனம் இணங்கியது. எங்கள் வீட்டில் போனோடு எந்த பேங்க் காட்டும் சேர்ந்திருப்பதில்லை. அதனால் அந்தக் கவலை இல்லை. கூத்துக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்குவார்கள்தான், ஆனால் யார் வேஷம் கட்டுவது என்பதைச் சீட்டு இழுத்துத் தீர்மானிப்பதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகைக் காலத்தில் லாவணி பாடுவார்கள். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு தரப்பு. காமன் எரிந்து போனான் என்று ஒரு தரப்பும், எரியவில்லை என்று மறு தரப்பும் விடிய விடிய வாதாடும். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அக்காவின் ஞாபகம்தான் வந்தது. 2010இல் வந்த சட்டத்தின்படி காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். அக்கா எடுக்கவில்லை. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆளைக் காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் பெறலாம் என்று வந்தது. அதற்கும் அவர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எரிந்த கட்சி. அக்கா தனியாக எரியாத கட்சி. நான் எந்தக் கட்சி என்று அவர் என்னைக் கேட்டதில்லை.

விளையாட்டில் அந்தப் பெண் ஒரு கட்டத்தில் அண்ணனைக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஆனால் அவன் கூட வரமாட்டேன் என்கிறான், உன் பயணத்தை முடித்துவிட்டு வா என்று சொல்லிப் போய்விடுகிறான். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "அட்லீஸ்ட் உசுரோட இருக்கான்னு தெரிஞ்சிருச்சு இல்ல சித்தி" என்றாள்.

போன மாசியில் இவள் எங்கள் கூத்து மாஸ்டரிடம் போய், ரதி வேஷத்தைப் பொம்பளைப் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவர் ஏசவில்லை. கோயில் கமிட்டியிடம் கேட்க வேண்டும் என்றாராம். முதலில் புலம்பல் முழுவதும் பாடமாகட்டும் என்றும் சொன்னாராம். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கொப்பியில் எதுவும் இல்லை, எல்லாம் மனதில்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாடப் பாட இவள் போனில் பதிவு செய்கிறாள். விளையாட்டே போனில் பாதி இடத்தைப் பிடித்திருப்பதால் பதிவுகளை என் போனுக்கு அனுப்பிவிடுகிறாள். ஏழு பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. ரதி கனவு கண்ட இடம் வரை வந்திருக்கிறது.